புளிச்சோறு கெடாத தூரம்

என் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் பெரிய ற போட வேண்டும், எந்த இடத்தில் சின்ன ர போட வேண்டும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். உரக்கடையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனா பிடித்து வெகு காலம் ஆகிறது. வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஒருவர் முகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான்.

பொங்கலுக்குத் தங்கை மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோவில்பட்டியில் கல்லூரியில் படிக்கிறாள். நான் முற்றத்தில் உளுந்து காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும், நடுவில் எவ்வளவு தூரம், விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் என்று அது சொல்லிவிடுகிறது. லண்டன், சிட்னி என்று அவளும் உலகத்தையே சுற்றி முடித்துவிட்டாள்.

"மாமா, நீங்க ரெண்டு ஊரு சொல்லுங்க பாப்போம்."

"திருவனந்தபுரம். துபாய்."

யோசிக்காமல் என் வாயில் வந்துவிட்டது. அவள் போட்டுப் பார்த்தாள்.

"நாலு மணி நேரம், மாமா."

"தெரியும்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மதுரையத் தாண்டுனதே இல்லைன்னு அம்மா சொல்லுதாளே?"

நான் உளுந்தைக் கிளறினேன். அவள் எழுந்து வந்து செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீலக் கடலின் மேல் ஒரு மெல்லிய கோடு. திருவனந்தபுரத்தில் கிளம்பி, மேற்கே கடல் மேலேயே போய், துபாயில் இறங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோட்டையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன மாமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில், பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. கரிசலில் தூரம் என்பது ஒரே அளவில் நிற்காது. கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது ரோட்டுக்குப் போக ஒரு பீடி பிடிக்கிற நேரம் போதும். ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் அதே பாதை நீண்டுகொண்டே போகும். மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒவ்வொரு எட்டுக்கும் கால் கனத்துக்கொண்டே வரும். வேலிக் குச்சியை ஒடித்து மண்ணைச் சுரண்டிவிட்டு நடப்போம். நாலு எட்டில் மறுபடியும் அப்பிக்கொள்ளும். அதனால் எங்கள் ஊரில் யாரும் மைல் கணக்குச் சொல்வதில்லை. "மழைக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூரம் சொல்வார்கள்.

அம்மா தூரத்தைச் சோற்றால் அளந்தாள். கோவில்பட்டி என்றால் சோறு வேண்டாத தூரம். மதுரை என்றால் ஒரு இட்லிப் பொட்டலம். மெட்ராஸ் என்றால் ஒரு ராத்திரிப் பயணம், புளிச்சோறு கட்ட வேண்டும். யாராவது ஊருக்குக் கிளம்பினால் மற்றவர்கள் எங்கே என்று கேட்பார்கள். அம்மா அதைக் கேட்காமல் வாழை இலை அறுக்கக் கத்தியைத் தேடுவாள்.

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது ஒரே ஒரு தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வரும்போது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்தான் என் மாமா. நான் நடக்கப் பழகியது அவர் விரலைப் பிடித்துத்தான். கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்து சாயங்காலம் வீட்டுக்கு வருவார். எனக்கு எட்டு வயது நடக்கும்போது அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது.

அம்மா அப்போது தங்கையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். மாமா பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டியதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எம்புட்டுத் தூரம்லே?"

"ரெண்டாயிரம் மைலுக்குப் பக்கமா வரும்க்கா."

"மெட்ராஸு?"

"அது நானூறு இருக்குமா?"

அம்மா விரலை மடக்கினாள். மெட்ராஸைப் போல ஐந்து மடங்கு. மெட்ராஸுக்கு ஒரு ராத்திரி என்றால் இதற்கு ஐந்து ராத்திரி. கணக்கில் தப்பே இல்லை. புளியை வாளியில் ஊறப் போட்டாள். நல்லெண்ணெயைச் செக்கிலிருந்து புதிதாக வாங்கி வரச் சொன்னாள். ஐந்து ராத்திரிக்குமான புளிச்சோற்றைக் கிளறி, ஆறவைத்து, வாட்டிய இலையில் வைத்துக் கட்டி, அதன் மேல் துணி சுற்றி, மாமாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி போல வைத்துவிட்டாள்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. "பிளேன்ல அவனே சோறு போடுவான்க்கா."

"யாரு ஆக்குனதோ, என்ன எண்ணெயோ" என்றாள் அம்மா.

அக்கா கட்டின சோற்றை வேண்டாம் என்று சொல்லி மாமாவுக்குப் பழக்கம் கிடையாது.

அவர் கிளம்பிய அன்று மழை. புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கரிசல் சகதியில் நடந்து போனார். அப்பா தலையில் பெட்டி. நானும் பின்னாலேயே போனேன். ரோட்டில் பஸ் ஏறும் முன், டீக்கடைத் தண்ணீரில் காலைக் கழுவிச் செருப்பை மாட்டினார். குதிகால் பக்கம் கொஞ்சம் கரிசல் மண் அப்படியே ஒட்டியிருந்தது. சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

அப்பா திருவனந்தபுரம் வரை போய் ஏற்றிவிட்டு, மறுநாள் சாயங்காலம் வந்தார். முற்றத்தில் நின்று காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"நான் திருநெல்வேலி வந்து ஒரு டீயக் குடிச்சிட்டு நிக்கேன், அவன் அன்னேரம் அங்க போய் இறங்கியிருப்பான். நாலே மணி நேரம்தானாம்!"

அம்மா நம்பவில்லை. நான் நம்பினேன். அன்று முதல் என் மனசுக்குள் ஒரு படம் உண்டாயிற்று. அப்பா திருநெல்வேலியில் நிற்கிறார். அங்கிருந்து கோவில்பட்டி இன்னும் தூரம் கிடக்கிறது, அதற்கப்புறம் எங்கள் ஊர், அதற்கப்புறம் இந்தச் சகதி. மாமாவோ ஊர் போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார். அப்படியானால் திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் துபாய்தான் பக்கம், எங்கள் வீடுதான் தூரம். மாமா தூரத்துக்குப் போகவில்லை. தூரத்திலிருந்து பக்கத்துக்குப் போயிருக்கிறார்.

மாசியில் தங்கை பிறந்தாள். அடுத்த மழைக்காலம் முடிந்து, ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆள் ஒருவர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தார். மாமா கொடுத்துவிட்ட ஒரு ஜோடிக் கம்மலும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் டேப்ரிக்கார்டர் இருந்தது ரோட்டோர டீக்கடையில் மட்டும்தான். அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பா, அத்தை, பருத்தி எடுத்துவிட்டு வந்த பெண்கள் என்று ஒரு கூட்டமே வந்தது. டீக்கடை அண்ணாச்சி பாய்லரை அணைத்து வைத்தார். அது இரைந்தால் குரல் கேட்காதாம்.

முதலில் ஒரு இரைச்சல். யாரோ இருமினார்கள். அப்புறம் மாமா.

"அக்கா, நான் நல்லாருக்கேன். மச்சான் நல்லாருக்காவளா? மருமவன் பள்ளிக்கூடம் போறானா? அக்கா, நீ கட்டிக் குடுத்த புளிச்சோத்த இங்கன ரூம்ல வந்துதான் பிரிச்சேன். எலைகூடக் கறுக்கலைக்கா! ரூம்ல எட்டுப் பேரு. ஆளுக்கு ஒரு கை வச்சான். ஒரு மலையாளத்தான், எண்ணெய விரல்லருந்து நக்கிக்கிட்டே எந்தக் கடைன்னு கேக்கான்."

கூட்டம் சிரித்தது. மாமாவும் அதற்குள் சிரித்தார், எங்களோடு சேர்ந்து சிரிப்பது போலவே. "பாப்பாவுக்குக் கம்மல் குடுத்து விட்டிருக்கேன். எம் மடியில வச்சுத்தான் காது குத்தணும், பாத்துக்க. வரப் பாக்கேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. மின்விசிறி சுற்றுவது போல ஒரு ஓசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடை அண்ணாச்சி நிறுத்தக் கையை நீட்டினார்.

"மிச்சத்தையும் ஓட விடுங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா.

ஒன்றுமில்லாத அந்த ஓசையை நாங்கள் எல்லோரும் நின்று கேட்டோம். மாமா படுத்திருக்கும் அறையின் காற்று எங்கள் டீக்கடைக்குள் வீசுவது போல இருந்தது. வெளியே ரோட்டில் ஒரு மாட்டு வண்டி போயிற்று. தங்கை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதுகுத்து பங்குனி உத்திரத்தன்று என்று முடிவாயிற்று. எங்கள் குலசாமி கோயில் காட்டுக்குள், ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. மொட்டை போட்டு, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது வழக்கம். முதல் மடி யாருடையதோ அவன்தான் அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரை மாமன். நாளைக்குச் சடங்கு வைத்தாலும் கல்யாணம் வைத்தாலும் முன்னால் நிற்கிற உரிமை அவனுக்கு. மடி மாறினால் மாமனும் மாறிவிடுவான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

அப்பாவின் அக்காதான் அத்தை. அடுத்த தெருவில் இருந்தாள். பேச்சில் அவளை ஜெயிக்க ஊரில் ஆள் இல்லை.

"ஏட்டி, வரப் பாக்கேன்னா என்ன அர்த்தம்? வாரேன்னா சொன்னான்? ஓட்டப்பிடாரத்துல ஒனக்கு ஒண்ணுவிட்ட தம்பி இருக்கான்லா. சொல்லி அனுப்பு. மடின்னா ஆள் இருக்கணும்ட்டி. தபால்ல வருமா மடி?"

"அவன் வருவான் மைனி."

"வந்தா சரி. வராட்டா எல்லாரும் ஒன் பொறந்த வீட்டத்தான் கேப்பாவ. எனக்கென்ன?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பிள்ளையான நான் அப்போது வாயைத் திறந்தேன்.

"மாமா வந்துருவாவ அத்தை. நாலு மணி நேரம்தான்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏலே, ஒனக்கு வாயி இருக்கா!" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசியது அந்த ஒரு பங்குனியில்தான். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். பருத்திக் காட்டில் சொன்னேன். காது குத்த வருகிற ஆசாரியிடமே போய், மாமா வருகிறார், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கிளம்பிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். எனக்குச் சாட்சியும் இருந்தது. தினமும் முற்பகலில் எங்கள் காட்டுக்கு மேலே, வெகு உயரத்தில், ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். எனக்குத் தெரிந்த விமானம் அது ஒன்றுதான். அதனால் அது துபாய் விமானம். குவித்து வைத்த பருத்தியின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். முதுகுக்குக் கீழே பருத்தி, மேலே அந்தக் கோடு. சத்தம் வருவதற்கு முன்பே அது பாதி வானம் போய்விடும். அப்புறம் கோடு மெல்லத் தடித்து, பஞ்சாகி, எங்கள் பருத்தியைப் போலவே பிரிந்து போகும். அதில் ஜன்னலோரம் மாமா இருப்பார், கீழே கறுப்பாகத் தெரிகிற இடமெல்லாம் நம்ம ஊர் என்று பக்கத்து ஆளிடம் சொல்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

டீக்கடை அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "ஏலே நாலு மணி நேரம், ஒங்க மாமா திருவனந்தபுரம் வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம கடைக்கு மேலதானே போகுது. டிரைவர்ட்ட ஒரு வார்த்தை சொன்னா இங்கனயே இறக்கி விட்டுற மாட்டானா? நம்ம பஸ்ஸுக்காரன் ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்தலையா?"

அவர் கேலிதான் செய்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அவ்வளவு வேகத்துல வந்தா பிரேக் பிடிக்காதுவே" என்று நிஜமாகவே பதில் சொன்னார். அந்த வருஷம் எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படி மேலே பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனி உத்திரம் வந்தது. காடு முழுக்க வெடிப்பு. தூரத்தில் கானல் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வேப்பமரம் மட்டும் பூத்திருந்தது. தங்கைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. பொங்கல் பொங்கியாயிற்று. ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்துவிட்டு, ரோட்டுப் பக்கம் பார்த்தார். அத்தை சொல்லி அனுப்பியிருந்த ஓட்டப்பிடாரத்துத் தம்பியும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. பெண் பார்க்க வந்தவர் போல ஒரு ஓரமாக நின்றார்.

நான் முள்ளை விலக்கி ஒரு உடைமரத்துக் கிளையில் ஏறி நின்று ரோட்டைப் பார்த்தேன். கானலுக்குள் யார் யாரோ வருவது போல இருந்தது. கிட்டே வந்ததும் அது ஆடாகவோ, புல்லுக் கட்டாகவோ ஆகிவிடும்.

"எனக்கு இன்னும் ரெண்டு ஊருல காது கெடக்கு தாயி" என்றார் ஆசாரி.

"ஏட்டி, ஒந் தம்பி வாரானா, இல்ல மேல இருந்தே மடிய விரிக்கப் போறானா?" என்றாள் அத்தை. நான் மரத்திலிருந்தே, "வந்துக்கிட்டிருக்காவ அத்தை!" என்று கத்தினேன்.

"இறங்குலே நாலு மணி நேரம். நாலு மணி நேரத்துல வாரவனுக்கு வருசம் ஒண்ணு முடிஞ்சும் வழி தெரியலையாக்கும்?"

"அக்கா, சும்மா இரி" என்றார் அப்பா. அப்பா அத்தையிடம் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அப்போது அந்தக் கோடு வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். வேப்பமரத்துக்கு மேலே, கண்கூசுகிற நீலத்தில், வெள்ளையாக ஒரு நூல். "அந்தா! அந்தா மாமா!" என்று கத்தினேன். எல்லோரும் நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தார்கள். ஆசாரி பார்த்தார். பூசாரி பார்த்தார். அத்தையும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. சத்தம் வந்து, காட்டுக்கு மேலே உருண்டு, தேய்ந்து போகும் வரைக்கும் அப்படியே நின்றார்கள்.

அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவள் குனிந்து மஞ்சள் பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தாள். மாமாவின் வேட்டி. பச்சைக் கரை போட்டது. பட்டறைக்குப் போகாத நாளில் கட்டுவது. துவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தாள். அதை வேப்பமரத்தடியில் விரித்தாள்.

"இதான் எந் தம்பி மடி" என்றாள். "இதுல வச்சுக் குத்துங்க ஆசாரி."

பூசாரி அப்பாவைப் பார்த்தார். ஆள் இல்லாத மடி செல்லுமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஓட்டப்பிடாரத்துத் தம்பி முன்னால் வந்தார். மடி கொடுக்க வந்தவர் இனி என்ன செய்வாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேட்டியில் உட்காரவில்லை. அதன் கரையை மிதிக்காமல் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"மடி அண்ணனுக்குள்ளதாவே இருக்கட்டும் அக்கா" என்றார். "நான் பிள்ளை தலைய ஆடாமப் பிடிச்சுக்கிடுதேன்."

அப்புறம் அத்தைதான் குனிந்து வேட்டியின் ஒரு முனையை இழுத்துவிட்டாள். "கரை புழுதியில கெடக்கு பாரு. விரிக்கதத்தான் ஒழுங்கா விரியேன்" என்று அம்மாவைத் திட்டினாள்.

தங்கை அழுதாள். சாதாரண அழுகையா அது! முதல் காதுக்கே காடு அதிர்ந்தது. இரண்டாவது காதுக்கு ஊசி வருவதற்குள் ஆசாரியை அடையாளம் கண்டுகொண்டாள். காலை ஒருவர், கையை ஒருவர், தலையை அந்தத் தம்பி பிடித்தும் நிற்கவில்லை. கட்டிப் போட்டிருந்த கிடாய்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. வேட்டி முழுக்கச் சந்தனமும் கண்ணீருமாகிவிட்டது.

எனக்கு அம்மா மேல் கோபம். விமானம் இப்போதுதானே போகிறது, மாமா இறங்கி வர வேண்டாமா, அதற்குள் என்ன அவசரம்? நான் ரோட்டுக்கு ஓடிவிட்டேன். வெடிப்புக்கு வெடிப்பு தாண்டித் தாண்டி ஓடினேன். கோவில்பட்டி பஸ் வந்து நின்றது.

"ஏறுதியா?" என்றார் கண்டக்டர்.

"எங்க மாமா வந்திருக்காவளா?"

"எந்த மாமா?"

"துபாய் மாமா."

கண்டக்டர் பஸ்ஸுக்குள் தலையை விட்டு, "ஏ, துபாய் ஆளு யாரும் உண்டுமா இதுல?" என்று கேட்டார். கோழிக் கூடை வைத்திருந்த கிழவர் ஒருவர், "நான் பசுவந்தனை ஊருக்காரன்ப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. "அடுத்த வண்டியில வருவாவ, நில்லு" என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார்.

அடுத்த வண்டி வரும் வரை நின்றேன். அதற்கடுத்த வண்டிக்கும் நின்றேன். அப்பா இலையில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு தேடி வந்தார். ரோட்டோரம் புளியமரத்தடியில் உட்கார வைத்துத் தின்னச் சொன்னார்.

"அவன் கையில பாஸ்போர்ட்டு இல்லைலே" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "கம்பெனிக்காரன் வாங்கிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கானாம். ஒப்பந்தக் காலம் முடியாம குடுக்க மாட்டானாம்."

நான் மென்றுகொண்டே யோசித்தேன். பாஸ்போர்ட்டு என்பது ரேஷன் கார்டு மாதிரி ஒன்று என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் ஏற ரேஷன் கார்டு எதற்கு? டிக்கெட்டு வாங்கினால் போதாதா? கடைசியில் என் கணக்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். விமானம் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. அதை நானே பார்த்தேன். திருவனந்தபுரத்து பஸ்தான் காலை வாரிவிட்டது. அந்த எண்ணத்தோடு சோற்றைத் தின்று முடித்தேன்.

மாமா வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமா வெளுத்து, கொஞ்சம் தடித்து, வாசனையாக வந்து நின்றார். தங்கை அம்மா சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"யாரும்மா அவிய?"

"ஒங்க மாமாட்டி. நீ போட்டிருக்க கம்மல் யாரு குடுத்தது?"

மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியைத் தட்டிக் கூப்பிட்டார். தங்கை அந்த மடியைப் பார்த்தாள், ஓடிவிட்டாள். மறுநாள் மிட்டாயை நீட்டினார். கதவு வரைக்கும் வந்தாள். சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு சின்ன விமானம் கொண்டுவந்திருந்தார். அதைத் தரையில் அவள் பக்கம் ஓட விட்டார். அது நடுவீடு வரை ஓடி நின்றது. தங்கை வந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் கதவுக்குப் போய்விட்டாள். விடுமுறை முழுக்க இப்படியே போயிற்று. எங்கள் வீடு ஒற்றை அறை வீடு. சுவருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான்.

அவர் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம். அம்மா முறத்தில் புளியைக் குவித்து வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய குவியல். பழையபடி ஐந்து ராத்திரிக்கான புளி. நான் சிரித்துவிட்டேன்.

"நாலு மணி நேரம்தானம்மா. எதுக்கு இம்புட்டு?"

அம்மா இன்னொரு கை புளியை அள்ளி முறத்தில் வைத்தாள்.

அப்போதுதான் தங்கை கையில் கடலை மிட்டாயோடு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கட்டிலில் உட்காருவது போல மாமா மடியில் போய் உட்கார்ந்து, மிட்டாயைக் கடித்தாள். மாமா அசையவில்லை. மூச்சு விட்டால் எழுந்து போய்விடுவாள் என்பது போல இருந்தார். வெகுநேரம் கழித்து, வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய கட்டைவிரலால் அவள் காது மடலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு அழுதாளாக்கா?"

"இல்லலே" என்றாள் அம்மா, புளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. ஒம் மடியில உக்காந்த பிள்ளை எதுக்கு அழுவா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காடு அதிர்ந்தது, கிடாய்கள் திரும்பிப் பார்த்தது எல்லாம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

துபாய் எவ்வளவு தூரம் என்பதையும் அம்மா மறந்துவிட்டாள், தங்கை அன்று அழுததையும் மறந்துவிட்டாள், அம்மாவுக்கு அதற்குள் இவ்வளவு மறதி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு உதவியாக நானும் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்தேன்.

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை.